முப்பத்தெட்டுப் பக்கங்களின் அடியில்

ஒரே ஒரு ஆசிரியை. ஒரே நாள், ஒரே நேரம். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அரபு இலக்கணமும் கால்பந்தும் உட்பட, முப்பத்தெட்டுப் பாடங்களை அவர் ஒருவரே நடத்தினார். நடத்த வைத்தவன் நான். தோஹாவில் இப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. அமெரிக்காவிலும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

தோஹாவின் நஜ்மா பகுதியில் சாகிரின் டீக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் இதைச் சொல்கிறேன். சாகிர் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், எதையும் நம்புவார். நம்பாத ஒரே ஆள் ஜான் பீட்டர். நான் இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்ட பள்ளியில் அவர் இயற்பியல் துறைத் தலைவர். நான் ஓய்வு பெற்று மகனின் விசாவில் சுகமாக இருக்கிறேன். அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார்.

"ராமையா சார், போன வாரம் முப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க."

"உமக்குப் பயந்து குறைச்சுச் சொன்னேன் பீட்டரு."

"இவரு அளக்குததுக்கு ஒரு அளவே கெடையாது, சாகிர் பாய்."

நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. நவம்பரில் ஆய்வுக்குழு வருகிறது, அதற்குள் ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்கு ஓர் இணையப்பக்கத்தைத் தானே செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று முதல்வர் சுற்றறிக்கை விட்டார். கற்றுக்கொடுக்க நான். ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர். மூன்று சனிக்கிழமைகள்.

முதல் சனிக்கிழமை நான் கண்ட காட்சியைப் பகைவனும் காணக் கூடாது. ரோஜாப்பூப் படம் இல்லாமல் வகுத்தல் கணக்கு விளங்காது என்று நம்பியவர்கள் அவர்கள். ஒருவர் ஏழு நிறங்களில் தலைப்பு எழுதிவிட்டு, எட்டாவது நிறம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவரின் பக்கத்தில் எழுத்துகள் சிவப்பும் நீலமுமாக மின்னின. ஜன்னல் வழியே அதைப் பார்த்து, ஆம்புலன்ஸ் என்று நினைத்து, வெளியே ரோட்டில் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

நான் சட்டம் போட்டேன். ஒரு பக்கத்தில் ஒரு விஷயம். மூன்று நிறம், அதற்கு மேல் ஹராம். படம் என்பது அலங்காரம் இல்லை, பாடம். உங்கள் பெயரைப் போடுங்கள், ஆனால் அடியில், பொடி எழுத்தில், வெளிர்ச் சாம்பல் நிறத்தில். பக்கம் பிள்ளைக்கு, உங்களுக்கு இல்லை. இந்தக் கடைசிச் சட்டத்தில் எனக்குத் தனிப் பெருமை.

முழுதாகக் காது கொடுத்துக் கேட்டவர் அற்புதராணி ஒருவர்தான். குளச்சல் பக்கம், ஐந்தாம் வகுப்பு அறிவியல். கம்பெனியை மூடியதால் கணவர் ஊருக்குப் போய்விட்டார். மகள் அக்ஸா அம்மாவின் விசாவில், எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. குறைக்க வேண்டிய ஆட்களின் பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

"மார்ச் வரைக்கும் இந்த விசா நின்னா போதும் சார். அக்ஸா பரீட்சை எழுதிட்டான்னா, அவங்க போன்னு சொல்லாண்டாம், நானே போயிருவேன்."

இரண்டாவது சனிக்கிழமையே அவர் பக்கம் தயார். மீன் எப்படி மூச்சு விடுகிறது என்பது பாடம். நடுவில் ஒரு சாளை மீன். அதைத் தொட்டால் வாய் திறக்கும். நீல அம்பு ஒன்று உள்ளே போகும், செவுள் சிவக்கும், அம்பு பக்கவாட்டில் வெளியே வரும். அவ்வளவுதான். மீன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறது என்றுதான் அறுபது வயது வரை நானே நினைத்திருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் மாதிரியாகப் போட்டு, "இதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றேன்.

இங்கேதான் நீங்கள் எங்கள் பள்ளியைப் புரிந்துகொள்ள வேண்டும். பாடத்திட்டம் எழுதுவது என்றால் எங்கள் ஆசிரியர்களுக்கு ஒரே வழிமுறை: போன வருடக் கோப்பைத் திற, தேதியை மாற்று, கொடு. வருடம் இருபதாக அந்தக் கை பழகியிருக்கிறது. முப்பத்தேழு பேரும் அற்புதராணியின் பக்கத்தை அப்படியே எடுத்தார்கள். சாளையைத் தூக்கிவிட்டு ஒருவர் கிணற்றுக் கப்பியை வைத்தார், ஒருவர் முக்கோணத்தை, ஒருவர் கால்பந்து மைதானத்தை. தலைப்பை மாற்றினார்கள். அடியில் பொடி எழுத்தில், வெளிர்ச் சாம்பலில் இருந்த 'பக்கம் செய்தவர்: அற்புதராணி' என்ற வரி யார் கண்ணிலும் படவில்லை. படக் கூடாது என்றுதானே சட்டம் போட்டிருந்தேன்.

ஆய்வுக்கு மூன்று நாள் முன்பு நான் பார்த்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் லேபின் ஏ.சி. நின்றுவிட்டது. அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஆய்வுக்குழு பார்க்கட்டும், பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பெண்ணின் பெயரைப் படிக்கட்டும், அப்புறம் யார் இவரை ஊருக்கு அனுப்புவது என்று நினைத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒன்று அவருக்கு, ஒன்று என் குறும்புக்கு.

குழுவில் கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர் இருந்தார். பார்வை குறைவு. எதையும் இரண்டு மடங்கு பெரிதாக்கித்தான் படிப்பார். நாலாவது பக்கத்தில் புருவம் உயர்ந்தது. பத்தாவது பக்கத்தில் பேனாவை மூடினார்.

"ஆஃப்சைடு விதியையும் இவர்தான் நடத்துகிறாரா?"

"எங்கள் ஆசிரியைகள் பல்துறை வல்லவர்கள்," என்றார் முதல்வர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குச் சிலை வைக்கலாம்.

அற்புதராணியை அழைத்தார்கள். அவர் முப்பத்தெட்டையும் பார்த்தார். "மீன் மட்டுந்தான் என்னுது," என்று உண்மையைச் சொன்னார்.

அன்று பிற்பகலே கூட்டம். இது எப்படி நடந்தது என்று முதல்வர் கேட்டார். காப்பியடித்தேன் என்று ஒத்துக்கொள்பவரின் ஒப்பந்தம் அன்றோடு கலாஸ், தீர்ந்தது. முப்பத்தேழு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு ஜான் பீட்டர் எழுந்தார்.

"பக்கம் எல்லாம் நாங்க செஞ்சதுதான் சார். மேடம்தான் பொது ஃபோல்டருக்குள்ள போயி எல்லாத்துலயும் அவங்க பேரைப் போட்டிருக்காங்க."

முப்பத்தாறு தலைகள் மெல்ல ஆடின.

நான் எழுந்தேன். இவர்கள் காப்பியடித்தார்கள், மூன்று நாள் முன்பே என் கண்ணால் பார்த்தேன், திருத்தாதது என் தப்பு என்று சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

"ராமையா சார் ஆரம்பிச்சுட்டாரு!" என்று பின்னால் ஒரு குரல். அறை முழுக்கச் சிரித்தது. முதல்வரும் சிரித்தார். அதே அறையில் போன மாதம்தான், என் மாணவன் ஒருவன் ஒட்டகத்துக்கு டைப்பிங் பழக்கியதாகச் சொல்லியிருந்தேன். பலரும் ரசித்துக் கேட்டிருந்தார்கள்.

டிசம்பரில் அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். ஊரில், வருட நடுவில் வந்த பிள்ளையை எந்தப் பள்ளியும் பரீட்சைக்குச் சேர்க்கவில்லை. அக்ஸாவுக்கு ஒரு வருடம் போயிற்று. போவதற்கு முன் அற்புதராணி லேபுக்கு வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"நீங்க பாத்தப்பவே மாத்தியிருக்கலாம்லா சார்?"

அளப்பதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் சொல்கிறேன், ஜான் பீட்டர் எதிரில் இருக்கும்போது மட்டும். அவரும் "அளக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் டீ குடித்தார்.

போன வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அநியாயம் சார். புதுசா ஒரு டீச்சர் வந்திருக்கு. என் கப்பிப் பக்கத்தை அப்படியே எடுத்து, அது பேரைப் போட்டு முதல்வர்கிட்ட காட்டியிருக்கு. கேட்டா, தானே செஞ்சதுன்னு சாதிக்குது. நான் பொய் சொல்லுதேனாம்!"

"அடப்பாவமே," என்றார் சாகிர்.

"விடுவனா? முதமுதல்ல செஞ்ச காப்பியை எனக்கே மெயில் போட்டு வச்சிருக்கேன். தேதியோட இருக்கு. நாளைக்கு முதல்வர் மூஞ்சில காட்டுதேன். நீங்களே பாருங்க." போனை என் முன்னால் நீட்டினார். கப்பி இருந்தது. தேதி அந்த அக்டோபர். ஆய்வுக்கு முந்தையது. யாரும் எதையும் திருத்துவதற்கு முந்தையது.

"நல்ல சாட்சி," என்றேன். "அடி வரைக்கும் தள்ளிப் பாரும்."

தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம். ரெண்டு விரலால பெருசாக்கும்."

பெரிதாக்கினார். சாகிர் எட்டிப் பார்த்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஜான் பீட்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். டீ ஆறி ஏடு கட்டியது. அவர் அதை விரலால் ஒதுக்கினார், குடிக்கவில்லை.

"இவரு அளக்கல சாகிர் பாய்," என்றார், என்னைப் பார்க்காமல். "முப்பத்தெட்டுதான். எல்லாத்துலயும் அவங்க பேருதான் இருந்திச்சி. அவங்க யார் பக்கத்தையும் தொடல. எனக்கு அன்னைக்கே தெரியும். நடந்திச்சி."