குளித்த பெட்டி

மலர்விழி டீ குடித்துவிட்டு வந்தபோது சர்வர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இரும்பு அலமாரியில் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள்தான் இருந்தன. மூன்று இருக்க வேண்டும். நடுப்பெட்டி இருந்த இடத்தை யாரோ ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். பிடுங்கிய வயர்கள் அழகாகச் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தன. நாளை ஆயுத பூஜை. மில்லில் இருபது வருஷமாகக் கூட்டித் துடைக்கிற சௌந்திரத்திடம் சாவியைக் கொடுத்து, அறையைத் தூசி தட்டச் சொன்னது மலர்விழிதான். பெட்டியைத் தூக்கச் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்தில் கோழித்தீவனம் அரைக்கும் மில் அது. ஆடி மாதம் வரை மலர்விழி அங்கே பில் போடுகிறவள், அவ்வளவுதான். அந்த ஆடியில் பழைய சர்வர் மண்டையைப் போட்டது. எடை மேடை நின்றது, எந்தத் தீவனத்துக்கு எவ்வளவு சோளம், எவ்வளவு சோயா என்கிற கலவைக் கணக்கு போனது. மக்காச்சோள லாரிகள் இரண்டு நாள் நாமக்கல் ரோடு வரை நின்றன. கோழிகளுக்கு சர்வர் சங்கதியெல்லாம் புரியாது. தீவனம் வராவிட்டால் முட்டை குறையும்.

முதலாளி பூபதியின் மச்சானும் பங்குதாரருமான சின்ன முதலாளி சந்தோஷ்குமார் அஸ்தம்பட்டி கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றிலிருந்து கொட்டேஷன் வாங்கி வந்தார். பெரிய சர்வர் ஒன்று, தகவலைச் சேமிக்கத் தனிப் பெட்டி ஒன்று, அவற்றைக் குளிர வைக்க ஏசி அறை. கடைசித் தாளைப் பார்த்த பூபதி ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். அப்போதுதான் மலர்விழி வாயைத் திறந்தாள். இரண்டு மாதமாக ராத்திரிகளில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து அவள் கற்றிருந்த விஷயம். ஆபீஸ்களில் ஓட்டிக் கழித்த சின்னக் கம்ப்யூட்டர்கள் மூன்று, புது டிஸ்க், இலவச மென்பொருள். வேலையும் சேமிப்பும் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே. ஒரு பெட்டியில் எழுதுவது இன்னொன்றிலும் பதிவாகும். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். கொட்டேஷனில் கால்வாசிகூட ஆகாது.

"அதுக்கு என்னமோ பேரு சொன்னியே அம்மிணி?"

"ஹைப்பர் கன்வெர்ஜ்டுங்ண்ணா."

"பேரு லாரி நீளத்துக்கு இருக்குது. பொட்டி டிபன் பாக்ஸாட்ட இருக்குது," என்றார் சந்தோஷ்குமார்.

பூபதி யோசித்தார். "ரெண்டு போதாதா? மூணாவது எதுக்கு?"

மலர்விழி எதிரில் இருந்த இருவரையும் பார்த்தாள். புது சாக்கின் நிறத்தில்கூடப் பன்னிரண்டு வருஷமாக ஒத்துப்போகாதவர்கள். "ரெண்டு மட்டும் இருந்து, நடுவுல தொடர்பு அந்து போச்சுன்னா, ரெண்டுமே நாந்தான் மொதலாளின்னு நிக்குமுங்ண்ணா. மூணாவது ஒண்ணு இருந்தாத்தான் எந்தப் பக்கம் ரெண்டு பேருன்னு பாத்து முடிவாகும்."

பூபதி மச்சானைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று பெட்டியும் அந்தச் சிரிப்பிலேயே வாங்கியாயிற்று. சந்தோஷ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "எடை மேட ஒரு மணி நேரம் நின்னாலும் அஸ்தம்பட்டி ஆளுகளக் கூப்புட்டுருவேன். நீ பழையபடி பில் சீட்டுக்கே போயிரோணும், பாத்துக்க." அவள் சரியென்று தலையாட்டினாள். சர்வர் அறைச் சாவி அன்றுமுதல் அவள் கைக்கு வந்தது. சம்பளம் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிற சந்தோஷம் அவளுக்கு எந்தச் சம்பள நாளிலும் வந்ததில்லை.

இப்போது அந்தச் சாவி போகப்போகிறது. மலர்விழி குழாயடிக்கு ஓடினாள். மில் முழுக்கக் குளித்துக்கொண்டிருந்தது. அரவை மெஷின், சாக்குத் தைக்கிற மெஷின், டிராக்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டியது. துவைக்கிற கல்லின் மேல் நடுப்பெட்டி மூடி வேறு உடல் வேறாக, நீர் வடியட்டுமென்று கவிழ்ந்து, வெயிலில் மினுங்கியது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை. பக்கத்தில் தேங்காய் நார். சௌந்திரத்தைக் காணோம்.

அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாள் என்று சட்டென்று உறைத்தது. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள். மில்லின் பின்வாசல் வழியாக அறைக்கு வந்திருந்த சௌந்திரம், மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றின் பிளக்கில் கை வைத்திருந்தாள்.

"அக்கா! கைய எடுங்க!"

"ஏஞ்சாமி இப்புடிக் கத்தற?" சௌந்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நீதான சொன்ன, ஒண்ணு இல்லாட்டியும் மத்த ரெண்டும் பாத்துக்கும்னு? அதான் ஒண்ணொண்ணாக் கழுவறேன். பிளக்கப் புடுங்கிட்டுத்தான் கழுவுனேன். போன வருசம் கம்ப்யூட்டர்ல தூசின்னு சின்ன மொதலாளி என்னையத்தான திட்டுனாரு!"

மலர்விழி அந்தப் பிளக்கை அழுத்திச் சரிபார்த்தாள். இன்னொன்றும் போயிருந்தால் மில்லே நின்றிருக்கும். அவள் சொன்னதைப் பூபதி பாதி நம்பினார், சந்தோஷ்குமார் துளியும் நம்பவில்லை. ஏன், ஒரு பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்க அவளுக்கே இன்றுவரை தைரியம் வந்ததில்லை. முழுசாக நம்பிய ஒரே ஆள் கையில் ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

மலர்விழி அவளிடமிருந்து சாவியை வாங்கி அறையைப் பூட்டிவிட்டு எடை மேடைக்குப் போனாள். எடை போடுகிற மாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நடுவுல ரெண்டு நிமிசம் கம்ப்யூட்டர் தொங்குச்சுங்க்கா. டிரைவர் வெத்தல போட்டுட்டு வாரேன்னு போனாரு. அவுரு வாரதுக்குள்ள சரியாயிருச்சு. இதோட ஆறு வண்டி ஆச்சுங்க."

ஆறு வண்டி! அவள் அங்கேயே ஒரு சோள மூட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. தான் படித்தது பொய்யில்லை, தான் கட்டியது நிற்கிறது. மாரி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மறுநாள் பூஜை. ஸ்பேனர் வரிசைக்கும் கிரீஸ் கன்னுக்கும் நடுவே, வாழையிலையில், சந்தனமும் குங்குமமும் வைத்துக் குளித்த பெட்டியைச் சௌந்திரம் உட்கார வைத்திருந்தாள். நடந்ததைக் கேட்ட பூபதி வேட்டி அவிழுமளவுக்குச் சிரித்தார்.

"இனி இது ஓடுமா அம்மிணி?"

"நல்லாக் காயட்டுமுங்ண்ணா. அப்பறந்தான் தெரியும்."

"நாலாவதா ஒண்ணு வாங்கிப் போட்டுரு. வருசா வருசம் ஒண்ணு குளிக்கோணுமல்லோ."

சந்தோஷ்குமார் பெட்டியைக் குனிந்து பார்த்தார், பொட்டைப் பார்த்தார். பிறகு கற்பூரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அரவை மெஷினுக்குக்கூடக் காட்டாமல், நேராகச் சர்வர் அறை வாசலில் போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. கற்பூரம் காற்றில் சாய்ந்தது. இன்னொரு கையால் அதை மறைத்துக்கொண்டபடி அவர் திரும்பிப் பார்த்தார்.

"தொறங்க அம்மிணி. அணஞ்சுரப்போவுது."

மலர்விழி இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். அதைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தன. பின்னால் இலையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஸ்பேனர் மேல் விழுந்தது.