நடுத்துண்டு

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் குறைவு. 'முகப்பு' என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இடம் தேடி வருகிற யாரிடமும் என் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். "உள்ள எவ்வளவு நீளம் போகுதுன்னு பார்க்காதீங்க சார், முகப்பு எத்தனை அடின்னு பாருங்க" என்பேன். கடை போடுகிறவனுக்கும் கிடங்கு கட்டுகிறவனுக்கும் ரோட்டைப் பார்த்த அகலம்தான் காசு. சொல்லிச் சொல்லி அதுவே என் தலையில் ஒட்டிக்கொண்டது. இதைவிடக் கேவலமான பட்டப்பெயர்களோடு இந்த நிலத்தரகுத் தொழிலில் ஆட்கள் திரிகிறார்கள் என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

தொழிற்சாலைகள் வரிசை கட்டி வர ஆரம்பித்த பிறகு, இந்தச் சாலையில் என்னால் தள்ள முடியாமல் கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஓர் அண்ணன், ஓர் அக்கா, ஒரு தம்பி, மூவருக்கும் சேர்ந்த இடம். மொத்தமாக எடுத்தால் நூறடி முகப்பு, தங்கம். ஆனால் அப்பா போன பிறகு அதைப் பாகம் பிரித்துவிட்டார்கள். எல்லாருக்கும் ரோடு வேண்டும் என்று நீளவாக்கில் மூன்று கீற்றாக அறுத்தார்கள். ஆளுக்கு முப்பத்து மூன்று அடி. பெரியவருக்குச் சிறுபாலத்தை ஒட்டிய துண்டு, சின்னவருக்குக் கம்பெனி பஸ் நிற்கிற பக்கத்துத் துண்டு, நடுத்துண்டு அக்காவுக்கு. அண்ணன் தம்பி எல்லை ஒன்றோடொன்று தொட்டால் சண்டை வரும் என்று பஞ்சாயத்துப் பேசிய பெரிய மனிதர்கள் அப்படி வைத்தார்களாம். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பத்து மூன்று அடியில் ஒரு லாரிகூடத் திரும்பாது. ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் மூன்று பேருக்கும் சமமாக வேட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

அவ்வளவு செய்தும் சண்டை வந்தது. பத்திரம் பதிந்த அன்று மூவரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, நான்தான் பில் கொடுப்பேன் என்றார் பெரியவர். ஏன், நான் என்ன வக்கில்லாதவனா என்றார் சின்னவர். கை கழுவுகிற இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்ததில் ஒரு சட்டைப் பை கிழிந்தது. அன்றோடு பேச்சு நின்றது, ஏழு வருடம் ஆகிறது. பில்லைக் கட்டியது அக்காதான்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பாகம் பிரித்த சில வாரத்தில் கணவர் இறந்து, பிள்ளை இல்லாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். திரும்பிப் பார்த்தால் பிறந்த வீடு இரண்டாகியிருந்தது. மாதத்தில் பாதி நாள் அண்ணன் வீடு, பாதி நாள் தம்பி வீடு என்று யாரும் உட்கார்ந்து பேசாமலே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அண்ணன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பழைய டயர்கள், ஈரம் பட்டு இறுகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டை, அதற்கு நடுவில் இவருடைய கட்டில். தம்பி வீட்டில் கூடத்துச் சோபா. பிள்ளைகள் டிவியை அணைத்தால்தான் தூக்கம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி சட்டை மடித்துவிட்டு வருகிறவருக்கு அதுதான் ஓய்வு. அண்ணி வீட்டு ஆட்கள் வந்தால், "பாப்பா, ரெண்டு நாள் அவன் வீட்டுல இருந்துக்கயேன்" என்பார் பெரியவர். சின்னவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் அங்கிருந்து அக்காவைக் கூப்பிட ஆள் வரும். கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். இருவருக்குமே அவர்மேல் உயிர்தான். இரண்டு வீட்டுக்கும் தூது அவர்தான். "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட கேளு" என்று அந்த ஏழு வருடப் பேச்சும் அவர் காது வழியாகத்தான் போய் வந்தது.

என்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "ஏம்ப்பா, எங்க இடம் போகுமா? எனக்கு ஒத்தை ரூம் இருந்தாப் போதும். உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடுற மாதிரி."

போகும் என்று நானும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஷோரூம்காரர் வந்தார். லாரி உதிரிபாகம் விற்கிறவர், பின்னால் பழுது பார்க்கிற கொட்டகையும் போடவேண்டும். வழக்கம்போல அவரைத் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கமாகவே சுற்றிக் கூட்டிவந்தேன். வாசலில் நிற்கிற லாரி வரிசையைப் பார்த்த கண்ணோடு இடத்தைப் பார்த்தால்தான் அதற்கு அழகு. அவர் அந்த மூன்று துண்டையும் சாலையோரமாக நடந்து அளந்து பார்த்தார்.

"மூணும் என் கைக்கு மீறினது. ரெண்டு துண்டு போதும்" என்றார். "பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். பாலத்து ஓரம் இல்லாம இருந்தா இன்னும் நல்லது. அங்க வண்டி இறக்க முடியாது."

எந்த இரண்டை எடுத்தாலும் அதில் நடுத்துண்டு உண்டு. அக்கா எந்தச் சகோதரனோடு சேர்கிறாரோ அவருக்கு விடிவு. விட்டுப்போனவர் கையில் கிடப்பது காலத்துக்கும் விலைபோகாத ஒரு கீற்று. ஏழு வருடமாகச் சோபாவிலும் படிக்கட்டுக்கு அடியிலும் படுத்தவர் ஒரே நாளில் இந்தக் குடும்பத்தின் சாவியாகிவிட்டார்.

நான் வியாபாரி. வாங்குகிறவர் பாலத்து ஓரம் வேண்டாம் என்றதால் நேராகச் சின்னவரிடம் போனேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஷெட்டில் வண்டிக்கடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடாமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கால்சட்டை நனைந்தது.

"கம்பெனியில கண் டெஸ்ட் வெச்சாங்க. என்னைத் தள்ளிட்டாங்க" என்றார். "இந்த மாசத்தோட பஸ் இல்ல. வீட்ல இன்னும் சொல்லல. எப்படியாவது முடிச்சுக் கொடுங்க."

பெரியவரிடம் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஊர்க் காற்று சேதியைக் கொண்டுபோய்விட்டது. மறுநாளே, லாரிகளை எடை போடுகிற அவருடைய எடைமேடைக்கு வரச்சொல்லி ஆள் விட்டார். கண்ணாடி வைத்த சின்ன அறை. வெளியே மேடைமேல் ஒரே ஒரு லாரி. சாலையில் கொஞ்சம் தள்ளிப் பெரிய கம்பெனி வாசலிலேயே புதிய எடைமேடை வந்த பிறகு இங்கே நாளைக்கு நாலு வண்டி வந்தால் அதிசயம். பெரியவர் முட்டியில் தைலத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னை விட்டுட்டு ரெண்டு துண்டை விக்கப் பார்க்கிறீங்களாமே" என்றார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், குரல் தணிந்திருந்தது. "இந்த மேடையை நம்பித்தான் பையனைக் காலேஜ்ல சேர்த்தேன். மேடை படுத்துடுச்சு. என் காலும் படுத்துடுச்சு. அந்தத் துண்டும் படுத்துட்டா நான் எங்கப்பா போவேன்?"

நான் எழுந்து வந்தேன். தரகனுக்கு இரக்கம் வந்தால் அடுப்பு எரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன், ஆனாலும் அன்று இரண்டு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சின்னவர் வீட்டுக்கு அட்வான்ஸ் ஒப்பந்தத்தோடு போனேன். அக்கா வேலை முடிந்து வந்து, காலை நீட்டிச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் சின்னவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பு உரசுகிற சத்தம். பெரியவர். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தம்பி இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

"பாப்பா, அவன்கிட்ட சொல்லு. நான் கெஞ்ச வரல. நியாயம் கேட்க வந்திருக்கேன்."

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. நியாயம் பார்த்தா எனக்குப் பொழப்புப் போயிடும்."

"என்ன பொழப்புப் போயிடுச்சாம், கேளு. கவர்மெண்ட் உத்தியோகம் மாதிரி மாசம் பிறந்தா சம்பளம் வாங்குறவனுக்கு."

"எனக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லுக்கா!"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. சின்னவர் மனைவிக்கு அப்போதுதான் விஷயம் தெரிகிறது. கதவைப் பிடித்திருந்த பெரியவரின் கை நழுவியது. அக்கா தலையைத் திருப்பித் திருப்பி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உண்மையான கஷ்டம். யார் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் இன்னொருவர் கழுத்தில் கால் வைத்ததாக ஆகும். நான் நீட்ட எடுத்த என் பேனாவைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டேன். அதுவாவது என்னால் முடிந்தது.

"நாளைக்கு எனக்கு லீவு" என்றார் அக்கா. "காலையில எல்லாரும் இடத்துக்கு வாங்க. இப்ப எனக்குக் கால் வலிக்குது. நான் படுக்கணும். எந்திரிங்க எல்லாரும்."

ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது மூவரும் வந்திருந்தார்கள். லாரிகள் போகிற புழுதியில் அண்ணன் தன் துண்டில் நின்றார், தம்பி தன் துண்டில் நின்றார். நடுவில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா. என்னைப் பார்த்ததும் அவர் நடக்க ஆரம்பித்தார். எல்லைக் கல்லைத் தாண்டி, அண்ணனையும் தாண்டி, பாலத்துச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

"அண்ணே, நீ என் துண்டுக்கு வந்துடு. நான் உன் துண்டை எடுத்துக்கறேன். பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிக்கலாம். அப்ப உன்னுதும் அவன்துமா ரெண்டு துண்டும் பக்கத்துல வந்துடும். சேர்த்து வித்துக்கோங்க."

எனக்கே கணக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாலத்து ஓரம் வேண்டாம் என்ற ஷோரூம்காரருக்கு அவர் கேட்டதே கிடைக்கிறது. அண்ணனுக்கும் விடிவு, தம்பிக்கும் விடிவு. இத்தனை வருடம் இந்த இடத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தோன்றவே இல்லை. ஏனென்றால் நல்ல துண்டைக் கொடுத்துவிட்டு மட்டமானதை வாங்கிக்கொள்வார் ஒருவர் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"ஒரு கண்டிஷன்" என்றார். "உங்களுக்கு வர்ற அட்வான்ஸ்ல இங்க எனக்கு ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும் கட்டிக் கொடுக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து. பாத்ரூம் உள்ளேயே."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா, அவன்கிட்ட கேளு, அஸ்திவாரத்துக்கு யாரை..." என்று ஆரம்பித்தார்.

"பக்கத்துலதான நிக்கிறான். நீயே கேளுண்ணே. இனிமே நடுவுல நான் இல்ல."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, ஏழு வருடத்தில் முதல் வார்த்தையாகப் பெரியவர் சொன்னது இதுதான்: "கண்ணு தெரியலன்னா வாயத் திறந்து சொல்றதுக்கு என்னடா, அறிவுகெட்டவனே."

"சொல்லியிருந்தா மட்டும்..." என்று ஆரம்பித்தார் சின்னவர். அழுகையோடு சேர்த்துத் திட்டினார். அவர் திட்ட, இவர் திட்ட, இருவரும் அளவு பார்க்கிறேன் என்று ரோட்டோரமாகப் போய்விட்டார்கள்.

நான் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். "யோசிச்சுத்தான் பேசுறீங்களா? உங்க துண்டு இல்லாம இங்க ஒரு வியாபாரம் நடக்காது. அதை வெச்சுக்கிட்டு நீங்க கேட்டதை வாங்கலாம். டவுன்ல வீடே வாங்கலாம். இந்த ஓரத்துக்கு வந்துட்டீங்கன்னா, அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் இதை விக்க முடியாது."

"பணமா வந்தா என் கையில நிக்காதுப்பா. அண்ணன் பையன் காலேஜ், இவன் கண்ணு ஆபரேஷன். அவங்க கேட்கவே மாட்டாங்க. நானா போய்க் கொடுத்துட்டு, மறுபடி அந்தச் சோபாவுல வந்து படுத்துப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா?"

"இருந்தாலும் விலைபோகாத இடம்க்கா."

"அதனாலதான் கேட்டேன்" என்றார். "யாரும் வாங்கமாட்டாங்கன்னா, யாரும் என்னை இங்கேர்ந்து எழுப்பமாட்டாங்க."

இதற்குக் கமிஷன் வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே வண்டியைக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பத்திரம் எழுதுகிறவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். தாமதித்தால் அக்கா மனம் இளகி, அந்த ஓரத்துண்டையும் யாருக்காவது கொடுத்துவிடுவாரே என்று எனக்குப் பயமாக இருந்தது.