புல்லட்டுக்கு எண்ணெய்த் தேய்ப்பு

வல்லிநாயகம் புல்லட் வாங்கிய கையோடு தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஹேண்டில்பாரில் துருவைக் கண்டதும் அவருக்குப் பாதி உயிர் போயிற்று. குற்றாலத்தில் மனுஷன் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதானே அருவியில் நிற்கிறான், வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது? விளக்கெண்ணெயை எடுத்து, மட்கார்டு முதல் பின்சீட்டு வரை ஓர் இடம் விடாமல் தேய்த்தார்.

மறுநாள் மனைவி முத்துவடிவைப் புதுச்சேலையோடு ஏற்றிக்கொண்டு ஆய்க்குடி கோயிலுக்குக் கிளம்பினார். பிரேக் போடும்போதெல்லாம் அவள் வழுக்கி வந்து முதுகோடு ஒட்டியதில் அவருக்கு ஏகக் குஷி.

கோயில் வாசலில் இறங்கியவள் சேலையைத் திருப்பிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ஒரே எண்ணெய். வல்லிநாயகம் வசவுக்குக் காத்து நின்றார்.

அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எண்ணெ தேச்சாச்சுல்லா? குத்தாலத்துக்கு விடுங்க வண்டிய. குளிச்சிட்டு வந்து சாமி கும்பிடுவோம்!"