மாமியின் சேலைக் குஞ்சம்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ராஜபாளையத்து நூல் மில்லில் பதினெட்டு வருஷம் ரிங் பிரேம் என்கிற நூற்பு மிஷினில் நின்றவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மிஷினுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய் முறுக்கி ஒட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலோ, கேட்டில் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சைக்கிள் மணியை விடாமல் அடிப்பார். வீட்டில் உலை வைக்க வேண்டுமே!

எண்பத்தேழாம் வருஷம் ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார். "இருளம்மா, நூல் சோதிக்கிற ரூம்ல ஒரு வேலை இருக்கு. நாற்காலி, ஃபேன் எல்லாம் உண்டு. திங்கக்கிழமை பதில் சொல்லு. இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏட்டி, முட்டி வலிக்குன்னு தெனமும் அழுதியே, சாமி கண்ணத் தொறந்துட்டாரு!"

வலித்தது நிஜம்தான். ஆனால் நாற்காலியில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. பிரேமை விட்டால் நான் யார்? அந்த நாற்காலிக்காகவா பிறந்தேன்? தப்பான பதிலைச் சொல்லிவிட்டால் திரும்பி வர வழியும் இல்லை.

பக்கத்து மிஷின் பெத்தம்மாள்தான் சொன்னாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல தியான வகுப்பு நடக்காம்க்கா. கண்ண மூடி உக்காந்தா நாம எதுக்குப் பொறந்தோம்னு வெளங்கிருமாம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கல்யாண மண்டபத்து மாடியில் பாய் விரித்து இருபது பெண்கள். சொல்லித்தருகிற வஞ்சுளவல்லி பேங்கில் வேலை பார்ப்பவர், என் வயதுதான். எனக்குப் பக்கத்தில் ஆண்டாள் கோயில் தெருவிலிருந்து வந்த கோதைநாயகி மாமி, முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையை மடியில வச்சுக்கோங்கோ. ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருங்கோ" என்றார் வஞ்சுளவல்லி.

சும்மாவாம்! கண்ணை மூடியதும் முட்டி, மானேஜர், நாற்காலி, உலை என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். மில்லே தேவலை. பிறகு எப்போது என்று தெரியவில்லை, சட்டென்று எல்லாம் அடங்கியது. அப்படி ஒரு சுகம்.

"கண்ணைத் திறக்கலாம்" என்றதும் மாமி எழுந்தார். கூடவே என் முந்தானையும் எழுந்தது.

"ஐயையோ, என் தலைப்பு!" என்றார் மாமி.

பார்த்தால், மாமியின் சேலைக் குஞ்சத்தையும் என் சேலைக் குஞ்சத்தையும் இழை இழையாக முறுக்கி ஒட்டி வைத்திருக்கிறேன். பதினாலு ஒட்டு! மில் ஒட்டு லேசில் பிரியுமா? மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மாமியும் சிரித்தார். "என்ன கெட்டியா ஒட்டியிருக்கேடிம்மா! கத்திரியைக் கொண்டாங்கோ."

வெட்டிக்கொண்டே வஞ்சுளவல்லி கேட்டார். "மனசு எப்போ அடங்கித்து?"

யோசித்தேன். குஞ்சம் விரலில் பட்ட பிறகுதான். மில்லிலும் அப்படித்தானே! கை ஓடும், கால் ஓடும், உள்ளே ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளோடு நான் போய் உட்கார்ந்ததில்லை. சங்கு ஊதியதும் மணிச் சத்தத்துக்கு ஓடிவிடுவேன். கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. பிரேமை விட முடியாது. ஆனால் சங்கு ஊதியதும் ஓடுகிற இந்த ஓட்டத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை மானேஜரிடம் போனேன். "ரிங் பிரேம்லயே இருக்கேன் சார்."

"நல்லா யோசிச்சியா?"

"உக்காந்து யோசிச்சேன் சார்."

அன்று சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பத்தே நிமிஷம். மணி அடித்தால் அடிக்கட்டும், திட்டினால் திட்டட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். முட்டி மெல்ல இளகியது. மணிச் சத்தம் வரவே இல்லை.

கண்ணைத் திறந்தால், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலிய வேண்டாம்னுட்டேன்" என்றேன்.

"பெத்தம்மா சொன்னா."

"கோவமா?"

"கோவத்தோடதான் வந்தேன். மணியடிக்கக் கையையும் கொண்டுபோனேன். ஆனா கல்யாணமாகி இருபது வருஷத்துல நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லட்டி." வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "இன்னுஞ் செத்த நேரம் இரு. உலைய நான் வச்சுக்கிடுதேன்."