மகனுக்கு விழுந்த கூ

இப்பத்தைய சனத்துக்குப் பொறுமை எண்ட சாமான் அறவே இல்லை. பாலன் பிறக்க இன்னும் இரண்டு கிழமை கிடக்கு, அதுக்குள்ள பிறந்தநாளைக் கொண்டாடி முடிச்சுப்போட்டு நிக்குதுகள். திருவருகைக் காலம் எண்டால் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருக்கிற காலம். இஞ்சை பார்த்தால், மூக்கு உறையிற குளிருக்குள்ள, பலகைக் கொட்டிலுகளைச் சுத்தி, சுடவைச்ச வைனைக் கையில பிடிச்சுக்கொண்டு இளிப்பு.

நத்தார்ச் சந்தைக்குள் காலை வைத்ததிலிருந்து அருமைநாதர் இதைத்தான் மருமகள் பிரியந்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மாமா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ."

"இவையளுக்குத் தமிழ் விளங்குமோ?"

"எனக்கு விளங்குதே."

பேத்தி மெலனி முன்னால் ஓடினாள். அருமைநாதர் வந்தது சந்தை பார்க்க இல்லை. சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் நாடகம். நத்தாருக்கு நத்தார் இங்கிலிசுக்காரர் சனம் சிரிக்கப் போடுகிற பகிடி நாடகம். இது பாதி இங்கிலிசு, பாதி பிரெஞ்சு. அதிலே அவருடைய ஒரே மகன் ஜெராட் நடிக்கிறான். ஆத்துக்கு அங்கால லொங்குய்யில் ஒரு காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் வேலை. வாய் திறக்காத பெடியன். அவன் மேடை ஏறுகிறான் எண்டதை அருமைநாதர் ஞாயிறுப் பூசை முடிய ஒருத்தர் மிச்சமில்லாமல் சொல்லிப்போட்டார். இண்டைக்குக் கழுத்தில ரையும் கட்டியிருந்தார். என்ன வேசம் எண்டு கேட்டதுக்கு, "வந்து பாருங்கோவன்" எண்டுதான் மகன் சொன்னவன். நல்ல உயரம், நல்ல குரல். ராசாவாகத்தான் இருக்கும்.

திரை விலகியது. பாண் சுட்டுப் பிழைக்கிற ஒரு கைம்பெண். அந்த வேசத்தில் தொந்தி வைத்த ஆம்பிளை ஒருத்தர், சட்டைக்குள் தலையணை. ஊர்க் கூத்திலும் பொம்பிளை வேசம் ஆம்பிளைதான் போடுவான், அது அவருக்குப் புதினமில்லை. ராசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை வெளிச்சம் விழுந்தது. கறுத்தக் கோட்டும் முறுக்கின மீசையுமாக ஜெராட் வந்தான். கைம்பெண்ணை வீட்டை விட்டுத் துரத்த வந்த வீட்டுக்காரன். அவன் வாய் திறக்க முதலே மண்டபம் முழுக்க "கூ" எண்டு கத்தியது.

அருமைநாதர் மேடையை ஒருக்கால் சுத்திப் பார்த்தார். மேடையில் நிக்கிற அத்தனை பேரும் வெள்ளை. கறுப்பாக நிக்கிறவன் ஒருத்தன். அவனுக்குத்தான் கூ. பக்கத்தில் பார்த்தால் மெலனி கதிரையில் ஏறி நிண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துத் தன் தகப்பனுக்கே கூ அடிக்கிறாள். பிரியந்தியும் அடிக்கிறாள்.

"பிள்ளை, உனக்கு விசரோ? உன்ர புருசன்."

"அப்பிடித்தான் மாமா. இந்த நாடகத்தில கெட்டவன் வந்தால் கூ அடிக்க வேணும். நீங்களும் அடியுங்கோ."

அவர் எழும்பினார். "நிப்பாட்டுங்கோ," எண்டு தமிழில் கத்தினார். "அவன் ஆருக்கும் ஒரு கெடுதல் செய்யாத பெடியன்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலையணைக் கைம்பெண் அவரைக் கையால் காட்டி ஜெராட்டிடம் என்னவோ சொன்னார். சனம் கை தட்டியது. அந்தக் கிழவருக்கும் உன்னைப் பிடிக்கவில்லையாம் எண்டு சொல்லுறார் எண்டு பிரியந்தி காதுக்குள் சொன்னாள். மேடையிலிருந்து ஜெராட் தடியைத் தூக்கித் தகப்பனைப் பார்த்துப் பிரெஞ்சில் உறுக்கினான். கிழவரை ஏசிப் பேசிவிட்டான் எண்டு சனத்துக்கு இன்னும் கோபம். முதல் விழுந்த கூவைப்போல இரண்டு மடங்கு விழுந்தது. மகனைக் காப்பாற்ற எழும்பின மனுசன் இருந்துவிட்டார். பிறகு கடைசிவரை தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிய, வாசல் கூடத்தில் ஜெராட் மீசையைக் கழற்றாமல் நிண்டான். சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து "கொர்போ, கொர்போ" எண்டு அவன் முகத்துக்கு நேரே கூ அடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"கொர்போ எண்டால் என்ன?"

"என்ர வேசத்தின்ர பேர் அப்பா. காகம்."

"காகமோ. நல்ல பேர்தான் பார்த்து வைச்சிருக்கினம்."

"போன வருசம் லூக் எண்ட வெள்ளைக்காரன் செய்த வேசம். அவனுக்கும் இதே பேர்தான்."

"அப்ப இந்த வருசம் ஏன் அவன் செய்யேல்லை?"

"வன்கூவருக்கு வேலை மாறிப்போட்டான்."

"ஓம், ஓம். சரியா நீ வரேக்கதான் அவன் மாறுவான்."

ஜெராட் சிரித்தான். அருமைநாதர் சிரிக்கவில்லை.

"தம்பி, மன்னாரில எங்கட பங்கில பெரிய வெள்ளிக்குப் பாஸ்கு நாடகம் போட்டவை. யூதாசுக்கு நடிச்ச மனுசன் தங்கமான மனுசன். சாகுமட்டும் சனம் அவரை யூதாஸ் எண்டுதான் கூப்பிட்டது. அவற்ற மகள் பெட்டையைக் கட்ட வந்தவன்கூட, யூதாசின்ர பெட்டையோ எண்டு கேட்டவன். வேசம் கழலும், பேர் கழலாது. உன்னை ஆர் இதுக்குப் பிடிச்சுவிட்டது?"

"ஒருத்தரும் பிடிச்சுவிடேல்லை. எனக்கு மரம் வேசம்தான் தந்தவை. நான்தான் கை தூக்கி இதைக் கேட்டனான்."

"ஏன்ரா?"

ஜெராட் ஒட்டு மீசையை ஒருக்கால் முறுக்கினான். "கந்தோரில எல்லாரும் ஜெராட் நல்லவன், சத்தம் போடான் எண்டுதான் சொல்லுவினம். ஆரும் என்னைப் பிழையாக் கதைச்சாலும் சிரிச்சுப்போட்டு இருக்கிறனான். இஞ்சை ஏறினால் எல்லாரையும் வாய் நிறைய ஏசிப் பேசலாம். பேசப் பேசச் சனத்துக்குச் சந்தோசம். எனக்கு இது வேணும் அப்பா."

"பேச வேணுமெண்டால் பிழையாக் கதைச்சவனைப் பேசு. பாண் சுடுற மனுசியை ஏன் பேசுறாய்?"

அதுக்குள் இன்னொரு பொடியன் வந்து கூ அடித்தான். ஜெராட் பல்லைக் கடித்து உறுமிக் காட்டினான். பொடியனின் தாய் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இவ்வளவு கெட்டவனைத் தான் கண்டதே இல்லை எண்டு கை குலுக்கினாள். மகனின் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. அதையும் அருமைநாதர் பார்த்தார். பார்த்தும் மனம் ஆறவில்லை.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ. எல்லாரும் ஒரு படம் எடுப்பம்."

"காகத்தோட நான் படம் எடுக்கமாட்டன். நான் மெற்றோவில போறன்."

"வெளியில குளிர் மாமா," எண்டாள் பிரியந்தி.

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு வெளியே இறங்கினார். இண்டைக்கு விளையாட்டாம். நாளைக்கு இதே சனம் கந்தோரில, தெருவில கண்டால் என்ன சொல்லிக் கூப்பிடுமோ. கேட்டு வாங்கினதாம். கேட்ட உடன தூக்கிக் குடுக்கிற சனமோ இது, ராசா வேசம் கேட்டிருந்தால் குடுத்திருக்குமோ. பின்னால் கதவு திறபட்டு மூடுகிற நேரமெல்லாம் உள்ளேயிருந்து இன்னொரு கூ கேட்டது. அவர் திரும்பாமல் நடந்தார்.