மருமகனுக்கு எட்டாத வண்டி

மருமகன் வருவதற்குப் பதில் ஏழு ஓநாய் வரலாம் என்று அத்பாஷி மலைநாட்டுப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் உடன்பிறந்தவள் மகன் வாசலில் வந்து இறங்கும்போது பார்க்கவேண்டும், தாய்மாமன் கண் ஒருதரம் லாயத்தைச் சுற்றிவிட்டுத்தான் அவன் முகத்துக்கு வரும். வாழ்நாளில் மூன்று தடவை மருமகன் எதைக் கேட்டாலும் மாமன் கொடுத்தாக வேண்டும். குதிரையைக் கேட்டாலும் சரி, கூடாரத்தைக் கேட்டாலும் சரி, இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாது.

மாட்டு டாக்டர் துர்தகுனுக்கு ஒரே அக்கா, ஜூராகான். அவளுக்கு ஒரே மகன், மிர்லான். ஏழு வயதில் அவன் கை நீட்டியது ஒரு வெள்ளைக் குதிரைக்குட்டியை நோக்கி. அந்த வருடத்துக் குட்டிகளிலேயே அதுதான் உருப்படியானது. பதினாறு வயதில் மாமன் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கேட்டான். அதன் பிறகு ஏழு வருடமாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு முடித்திருந்தால் துர்தகுன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மூன்றாவதைப் பத்திரமாக வைத்திருக்கிறானே, அதுதான் அவருக்குப் பயம். அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பொருளின் மேல் ஆசை வைத்துவிட்டால் விடமாட்டார், அவ்வளவுதான்.

அந்த வருடம் பனி உருகும்போது அவருடைய பழைய சோவியத் மோட்டார் சைக்கிள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வண்டி இல்லாமல் அவர் தொழில் இல்லை. வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வழுவழுவென்ற தார்ச்சாலை. அதற்கப்புறம் சாலையே கிடையாது. ஆற்றுப்படுகை, உருண்டைக் கல், சேறு, புல், மேலே கோடை மேய்ச்சல்காரர்களின் கூடாரங்கள். தார்ச்சாலைக்கென்று செய்த வண்டியைக் கொண்டுபோனால் முதல் கல்லிலேயே அடிவயிறு கிழியும். மலைக்கென்றே செய்த வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டினால் வீடு வந்து சேர்வதற்குள் பின்பக்கம் மரத்துப்போகும். இரண்டுக்கும் தோதான ஒன்று வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல மிர்லானைவிட்டால் ஆள் இல்லை. நரின் நகரத்தில் வெளிநாட்டுக்காரர்களை மோட்டார் சைக்கிளில் கணவாய் கடத்திக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். வருகிற ஜூலையிலிருந்து வழிகாட்டியாக முன்னால் ஓட்டப்போகிறான். அந்த வேலைக்காக இரண்டு வருடம் கிரீஸ் அழுக்கில் கிடந்தவன் அவன்.

காலையில் கிளம்பும்போது மனைவி நசிபா வாசல்வரை வந்தாள். "அவனையா கூட்டிட்டுப் போறீங்க? ஓநாயக் கூட்டிட்டுப் போய் ஆடு பொறுக்குன கதையாத்தான் முடியும்."

"சும்மா இரு. அக்கா மகன்" என்றார் துர்தகுன். ஆனால் நரின் போய்ச் சேரும்வரை அந்தச் சொல் அவர் காதிலேயே கிடந்தது.

கடையில் அவருக்கு ஒத்துவருவதாக இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சிவப்பு, கொஞ்சம் தாழ்வானது, எடை குறைவு. இன்னொன்று நீலம், கால் நீண்ட குதிரை மாதிரி நெட்டையாக நின்றது. மிர்லான் நேராகச் சிவப்பின்மேல் ஏறி உட்கார்ந்தான். குள்ளமான பையன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை உடம்பை அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் விரிந்தது.

"மாமா, இதான். ஸ்போக் சக்கரம், அடியில நல்ல இடைவெளி இருக்கு, டயர்லயும் பாதி வழுவழு, பாதி கல்லப் பிடிக்கிற பட்டன். தார்லயும் போகும், கல்லுலயும் போகும். விழுந்தாலும் தனியாளா நிமித்திடலாம்."

துர்தகுன் வண்டியைப் பார்க்கவில்லை. தரையில் பதிந்திருந்த அந்தப் பாதங்களைத்தான் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வண்டி அவனுக்குப் பொருந்தியிருந்தது. இதை வாங்கி வீட்டில் நிறுத்தினால் அடுத்த மாதமே மூன்றாவது உரிமை வாசலில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

"அந்த நீலம் என்ன உயரம்?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"சீட்டு தொண்ணூத்தி மூணு சென்டிமீட்டர் அண்ணே. உங்க உயரத்துக்கு ராஜா மாதிரி இருக்கும்."

"டேய், அதுல ஒருதரம் உக்காரு பாப்போம்."

மிர்லான் உட்கார்ந்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கால் நுனி மட்டும் தரையைத் தொட்டது. மறு கால் அந்தரத்தில் தொங்கியது. துர்தகுனுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. நிம்மதி என்றுதான் அதற்குப் பெயர், வேறு என்ன சொல்ல.

"இது ரோட்டுல சுகமாப் போகும் மாமா. பள்ளத்துல நல்லாவே தாவும். ஆனா ஆத்துக்குள்ள நின்னுட்டா கால் தரையில பதியணும். பதியலன்னா சாஞ்சிரும். எடையும் ஜாஸ்தி."

"உன் காலுக்குடா அது. என் கால் ஒட்டகக் காலு" என்றார் துர்தகுன். கடைக்காரர் சிரித்தார்.

மிர்லான் மாமனின் இடுப்பைப் பார்த்தான். நீல வண்டியின் சீட்டைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, கடைக்காரர் நிற்பதைப் பார்த்து, விழுங்கிவிட்டான். "சரி மாமா. ஓட்டப்போறது நீங்கதான."

வீட்டில் சேவல் அறுத்துச் சக்கரத்தில் ரத்தம் தொட்டு வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கையேந்தி ஆசி சொன்னார். புதுசைப் பார்த்தவன் வெறுங்கையாகப் பார்க்கக்கூடாது என்று மிர்லான் ஒரு ஜோடித் தோல் கையுறையைப் பார்வைக் காணிக்கையாகக் கொடுத்தான். நல்ல கையுறை. தன் கைக்கு வாங்கியதாக இருக்காது, துர்தகுனின் பெரிய கைக்குச் சரியாக இருந்தது.

அவன் போன பிறகு நசிபா வண்டியைச் சுற்றி வந்தாள். "குட்டையனுக்கு எட்டாதுல்ல?"

"ம்."

"தெரிஞ்சேதான் வாங்கினீங்களா?"

அவர் கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

"நான்கூட உங்களுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும்னு நினைக்கல" என்றாள் அவள், மனதாரப் பாராட்டாக. முப்பது வருடத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ. துர்தகுனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். துர்தகுனுக்கு நெஞ்சோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது. ஒட்டகக் கால் என்று பெருமை பேசியவருக்கு வலது இடுப்பில் இரண்டு வருடமாகவே பிடிப்பு. குதிரையில் ஏறக்கூடக் கல்மேல் நின்றுதான் ஏறுவார், யாரும் பார்க்காதபோது. அந்த நெட்டைச் சீட்டுக்கு மேல் காலைத் தூக்கிப் போடும்போதெல்லாம் கண்ணில் பூச்சி பறந்தது. தான் வெட்டிய குழி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார். ஜூன் கடைசியில் ஒருநாள் காலை, படுக்கையைவிட்டு எழ முடியவில்லை.

அன்றைக்கென்று பார்த்துக் கோக்சு மேய்ச்சலிலிருந்து போன் வந்தது. விடிந்ததிலிருந்து மூன்று ஆடுகள் வயிறு ஊதிச் செத்துவிட்டன, தடுப்பூசி உடனே வேண்டும் என்றார்கள். அங்கே நானூறு ஆடுகள். செயினை இறுக்கிக் கொடுக்க வந்த மிர்லான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"பெட்டிய எடுத்துக் குடுங்க மாமா. நான் போயிட்டு வந்துர்றேன்."

கோக்சுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பனி உருகுகிற மாதம், மதியத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வரும். அடியில் வழுக்குக் கல். இந்த வண்டியில் நீ ஆற்றில் இறங்காதே, கால் எட்டாது, குதிரை கேட்டு வாங்கிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். துர்தகுனின் நாக்கு நுனியில் அது நின்றது. ஆனால் அதைச் சொன்னால், கால் எட்டாது என்று தெரிந்தே வாங்கியதும் கூடவே வெளியே வந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோற்றைக் கிளறப் பயம்.

"பாத்துப் போ" என்றார்.

நசிபா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஆற்றின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. மிர்லான் காலை நீட்டினான், அடியில் தரை கிடைக்கவில்லை. வண்டி அவன்மேல் சாய்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பையும் கல்லோடு வைத்து நசுக்கியது. மேய்ப்பர்கள் ஓடிவந்தபோது மருந்துப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்தானாம். முதலில் இதைக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றானாம். ஆடுகள் பிழைத்துக்கொண்டன. மாட்டு டாக்டர் மாதிரி உண்டா என்று அன்று சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து துர்தகுனுக்கு இரண்டு பேர் போன் செய்து வாழ்த்தினார்கள். மூன்றாவது போனை அவர் எடுக்கவில்லை.

நரின் ஆஸ்பத்திரியில் காலுக்குத் தகடு வைத்தார்கள். ஜூலை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். நிறுவனம் வேறு ஒருவனை முன்னால் ஓட்டவிட்டது. அடுத்த வருடமாவது உண்டா என்றால், தகடு வைத்த காலை நம்பி யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

துர்தகுன் வாரம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு ஆட்டுக்கறியோடு போனார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போவார். டீயைக் குடித்துவிட்டு, வானிலை பேசிவிட்டு வந்துவிடுவார். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். ஓநாய்கூடப் பசித்துத்தான் கடிக்கும், எனக்கு என்ன பசி என்று கேட்டுக்கொள்வார். ஆகஸ்டில் ஒருநாள் மதியம் அக்கா ஜூராகான் கறியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் நொண்டி நொண்டி உட்காருவதைப் பார்த்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணுதான் புரியல. வண்டி வாங்கக் கிளம்புன அன்னிக்கி இவன் என்ன சொல்லிட்டுப் போனான் தெரியுமா? மாமாவுக்கு இடுப்பு சரியில்லம்மா, குதிரைல ஏறவே கல்லு தேடுறாரு, தாழ்வா ஒரு வண்டியாப் பாத்துத் தரணும்னு. கடைக்காரன் முன்னாடி உன் மானம் போயிரக்கூடாதுன்னு வாயத் தொறக்காம வந்திருக்கான். நீ ஏன்டா அந்த நெட்டக் கழுதைய வாங்குன?"

துர்தகுன் கட்டிலில் கிடந்த மிர்லானைத் திரும்பிப் பார்த்தார். அவன் தனக்காக ஆசைப்பட்டு அந்தச் சிவப்பில் உட்காரவில்லை. அவருக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

இதற்குமேல் தாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பாதங்களைப் பார்த்தது, கேட்டுவிடுவான் என்று பயந்தது, எட்டக்கூடாதென்றே வாங்கியது, ஆற்றைப் பற்றி வாய்வரை வந்ததை விழுங்கியது, எதையும் விடவில்லை. ஜூராகான் கையை வாயில் வைத்தபடி நின்றாள்.

மிர்லான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கடையிலேயே தெரியும் மாமா" என்றான். "நீங்க என் காலைத்தான பாத்தீங்க."

"தெரிஞ்சுமா அன்னிக்கு ஏறுன?"

"ஆடு சாவுதுன்னு சொன்னாங்களே."

துர்தகுன் அழுதார். ஐம்பத்து நான்கு வயதில், அக்காவின் முன்னால், மூக்கு ஒழுக அழுதார். "மூணாவதக் கேளுடா. இப்பவே கேளு. குதிர அத்தனையும் கேளு, வீட்டக் கேளு. நான் குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

மிர்லான் யோசித்தான். கோபமாகக்கூட இல்லை அவன் முகம். அதுவாவது இருந்திருக்கலாம்.

"அந்தக் கிண்ணத்துல கொஞ்சம் டீ ஊத்திக் குடுங்க."

துர்தகுன் அவசர அவசரமாக ஊற்றிக் கொடுத்தார். "டீ கெடக்கட்டும், என்ன வேணும் சொல்லு."

"இதான் மாமா மூணாவது. அம்மா, நீ சாட்சி." அவன் ஒரு மடக்குக் குடித்தான். "முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க பயப்படாம உங்க இடுப்புக்குத் தோதா ஒரு வண்டி வாங்கலாம்."

"மிர்லான், வேணாம்டா" என்றார் துர்தகுன். அக்காவைப் பார்த்தார். அவள் திரும்பி நின்று கறியை நறுக்கத் தொடங்கியிருந்தாள்.

மிர்லான் டீயை மெதுவாகக் குடித்து முடித்தான். மருமகன் தாய்மாமனுக்கு நன்றி சொல்வது அந்த மண்ணில் வழக்கமில்லை. உரிமையில் எடுப்பவன் எதற்குச் சொல்ல வேண்டும். குதிரைக்குட்டியை இழுத்துக்கொண்டு போனபோதும் சொன்னதில்லை, பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஓடியபோதும் சொன்னதில்லை. அவன் காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, அயலார் வீட்டில் கொடுப்பது போல, மாமனிடம் நீட்டினான்.

"ரொம்ப நன்றி மாமா" என்றான்.