நடுவில் இருந்த நாடு

கோவைக் கல்லூரி ஒன்றில் சர்வதேச உறவுகள் படிக்கச் சேர்ந்திருந்த யுவஸ்ரீக்கு, அன்றைய வகுப்பு விளையாட்டில் வாய்த்தது இருப்பதிலேயே சின்ன நாடு. வரைபடத்தில் மேலே, பொள்ளாச்சியிலிருந்து வரும் நிதீஷின் நாடு. கீழே, கணபதி பகுதியிலிருந்து வரும் வர்ஷினியின் நாடு. நடுவில் நசுங்கிக்கொண்டு இவளுடையது. அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"கடலை மிட்டாய்தான் உங்க செல்வம். அதை எங்கிட்டக் குடுத்துப் புளியங்கொட்டை வாங்கிக்கலாம். அது படை. படை பெருசா இருந்தா பக்கத்து நாட்டைப் புடிச்சுக்கலாம்," என்றார் பேராசிரியை சாந்தாமணி. "ஏன்னு கேக்க மேல யாருமில்ல. நம்ம பாடத்துல அராஜகம்னா அதுதான்."

வர்ஷினி பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கொட்டை வாங்கினாள். அதைப் பார்த்த நிதீஷ் இன்னும் கூடுதலாக வாங்கினான். அவள் விடுவாளா? இரண்டு மேசையிலும் மிட்டாய் கரைந்து கொட்டை குவிந்தது.

யுவஸ்ரீ எழுந்து போய்க் கேட்டாள். "ஏனுங்க நிதீஷ், சண்டைக்குப் போறீங்களா?"

"நானுங்களா? அவங்க சேத்தறாங்க, பயத்துல நானும் சேத்தறேன்."

வர்ஷினியும் அதையே சொன்னாள். யுவஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் பயத்தை மற்றவரிடம் சொல்லிப் பார்த்தாள். இருவருமே நம்பவில்லை.

"அப்பக் கேளுங்க," என்றாள் சத்தமாக. "ரெண்டு பேரும் ஒவ்வொரு சுத்துலயும் சரிக்குச் சரி கொட்டையைத் திருப்பிக் குடுத்து மிட்டாய் வாங்கிக்கோங்க. எல்லாரும் பாக்கற மாதிரி எண்ணிக் குடுக்கோணும். யாராச்சும் ஏமாத்துனா, என் படை அடுத்தவங்க பக்கம் போயிரும்."

"உன்ற படையே ஒரு கைப்பிடிதான்!" என்றாள் வர்ஷினி.

"நீங்க ரெண்டு பேரும் சமமா நிக்கறப்ப, அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கந்தானுங்க ஜெயிக்கும்."

வர்ஷினி யோசித்தாள். நிதீஷ்தான் முதலில் பத்துக் கொட்டையை எடுத்து வைத்தான், முழு மனசில்லாமல். வர்ஷினியும் பத்து வைத்தாள். அடுத்த சுற்றில் கை கொஞ்சம் தாராளமாயிற்று. மணி அடித்தபோது மூன்று நாட்டு ஆட்களும் வாய் நிறைய மிட்டாயை மென்றுகொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பேரு அதிகாரச் சமநிலை," என்ற சாந்தாமணி, "போன வருசப் பசங்க மூணாம் சுத்துலயே அடிச்சுக்கிட்டாங்க," என்று சிரித்தார்.

சூலூர் பஸ்ஸில் ஏறியதுமே யுவஸ்ரீ அம்மா பாவாத்தாளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு போரை நிறுத்திப்போட்டேன்!"

"எங்க கண்ணு, பஸ் ஸ்டாண்டுலயா?"